முட்டையில்லா முட்டையும் மாப்பிள்ளையின் எடையும்

திருத்துறைப்பூண்டி,
டிசம்பர் 29.

மதிப்பிற்குரிய சம்பந்தி திரு. இராஜாங்கம் அவர்களுக்கு,

ஆசீர்வாதம் எழுதுவது. இறையருளால் இங்கே நானும் சவரியம்மாளும் சுகம். தாங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருப்பதைத் தாங்கள் தினமும் காலை ஐந்தரைக்கு அனுப்பும் ரோஜாப்பூப் படங்கள் மூலம் தவறாமல் அறிந்து வருகிறேன். சம்பா பால் பிடித்துவிட்டதா? மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தால் இந்த வரியைச் சத்தமாகப் படிக்க வேண்டாம். எங்கள் வீட்டில் பயிருக்குக்கூட அந்தச் சொல்லை இப்போது நாங்கள் உபயோகிப்பதில்லை. கதிர் முற்றுகிறதா என்றுதான் கேட்கிறோம்.

போனில் சொல்ல வேண்டியதை இந்த மனிதர் ஏன் தபாலில் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் தாங்கள் நடுவில் பேசுவீர்கள். இந்த விஷயத்தில் நடுவில் யாரும் பேசாமல் ஒருமுறை முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று மாதமாகக் காத்திருக்கிறேன்.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி காலை பத்தேகாலுக்கு சம்பந்தியம்மா என் மனைவிக்குப் போன் செய்தது தங்களுக்கு ஞாபகம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எங்களுக்கு இருக்கிறது. மே மாதம் கல்யாணம் முடிந்த பிறகு மாப்பிள்ளை வளவன் அவர்கள் முதன்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்து, வேளாங்கண்ணித் திருவிழாவையும் பார்த்துவிட்டு, நான்கு நாள் தங்கி, அங்கிருந்து நேராக உங்கள் ஊருக்கு வந்தார் அல்லவா? அவர் வந்து இறங்கியதும் சம்பந்தியம்மா எங்களுக்குப் போட்ட போன் அது. மிகவும் மரியாதையாகத்தான் பேசினார். “எம்புள்ள ரெண்டு கிலோ எளச்சுப் போயிட்டான். அங்க சாப்பாடு சரியா அமையலியோ என்னமோ” என்றார். அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை தவறாகச் சொல்லவில்லை. அன்று மத்தியானம் சவரியம்மாள் சாப்பிடவில்லை. மறுநாள் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டாள். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. அதன் பிறகு உங்கள் வீட்டுக்கு அவள் போன் செய்யவில்லை, உங்கள் வீட்டிலிருந்தும் வரவில்லை. நாம் இருவர் மட்டும் ரோஜாப்பூ பரிமாறிக்கொண்டிருந்தோம்.

இருபத்தொன்பது வருடம் முத்திரை ஆய்வாளராக இந்த மாவட்டத்திலும் பக்கத்து மாவட்டத்திலும் தராசு, படிக்கல், லிட்டர், உழக்கு எல்லாவற்றையும் சோதித்தவன் நான். மாப்பிள்ளையை எந்தத் தராசில் நிறுத்தினீர்கள், அதில் அந்த வருடத்து முத்திரை இருந்ததா, எடைபோடும்போது செருப்பு காலில் இருந்ததா என்று ஒரு கேள்வி நான் கேட்கவில்லை. ஒரு தாய் தன் கண்ணாலேயே கிராம் கணக்கில் எடைபோடக் கூடியவர் என்று ஏற்றுக்கொண்டேன்.

எங்கள் தரப்பையும் சொல்ல வேண்டும். லீவு கிடைக்காததால் கூட வர முடியாத பிரின்ஸி முன்கூட்டியே போனில், அவர் வீகன் அப்பா, என்று சொல்லியிருந்தாள். நாங்கள் அதைச் சைவம் என்று புரிந்துகொண்டோம். அதனாலென்ன, உங்கள் பிள்ளைக்காக நான்கு நாள் மீன் வாங்குவதை நிறுத்தி, நெய் ரோஸ்ட், பன்னீர்க் குருமா, தயிர்சாதம், பால்பாயசம் என்று சவரியம்மாள் ஒரு பட்டியலே போட்டுச் சமைத்தாள். ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைக்க வைக்க, ஒவ்வொன்றையும் அவர் கைகூப்பி, வேணாம் அத்தை, என்று திருப்பி அனுப்பினார். கோயில் வாசலில் நிற்பவர்கூட அவ்வளவு பணிவாகக் கைகூப்பிப் பார்த்ததில்லை. மூன்றாம் நாள்தான் எங்களுக்கு விளங்கியது, மாட்டிடமிருந்து வருவது எதுவும் ஆகாது, முட்டை ஆகாது, தேன்கூட ஆகாது. தமிழில் அதற்கு நனிசைவம் என்று பெயராம். அதற்குள் அவர் சாதமும் ரசமும் எலுமிச்சை ஊறுகாயுமாக இரண்டரை நாள் ஓட்டிவிட்டார். அந்த ஊறுகாய் நன்றாக இருந்தது என்று சொன்னார். அதை சம்பந்தியம்மாவிடம் சொல்ல மறந்துவிட்டார் போலிருக்கிறது.

நவம்பர் கடைசியில், கிறிஸ்துமஸுக்கு இருவரும் வருகிறோம், நான்கு நாள் இருப்போம், என்று பிரின்ஸி சொன்னதும் சவரியம்மாள் ஒரு முடிவுக்கு வந்தாள். “இந்தத் தடவ அந்தப் புள்ள இங்கேருந்து எளைக்காமப் போகணும். இல்லன்னா நான் அந்தம்மா மொகத்துல முழிக்க மாட்டேன்” என்றாள். மாப்பிள்ளைக்கு என்னதான் பிடிக்கும் என்று பிரின்ஸியிடம் கேட்டோம். பெங்களூரில் ஒரு கடையில் முட்டை, வெண்ணெய் இல்லாத வாழைப்பழ பிரெட் விற்கிறதாம். அதை வாரம் தவறாமல் வாங்கிச் சாப்பிடுவாராம். வீட்டிலேயே செய்யலாம்பா, ரொம்ப ஈஸி, என்று சொல்லி ஒரு வீடியோவையும் அனுப்பினாள்.

அந்த வீடியோவை நான் பதினோரு முறை பார்த்தேன். சிரித்த முகத்தோடு ஒரு பெண். முதலில் மூன்று வாழைப்பழம் என்கிறார். என்ன பழம்? பூவனா, ரஸ்தாளியா, மொந்தனா, நேந்திரமா? ஒரு பூவன் எண்பது கிராம், ஒரு நேந்திரம் இருநூறைத் தாண்டும். மூன்று என்பது ஒரு அளவா? பிறகு ஒன்றரை கப் மைதா என்கிறார். யார் வீட்டுக் கப்? எங்கள் வீட்டில் ஆறு அளவில் கப் இருக்கிறது, அதில் ஒன்றிலும் முத்திரை இல்லை. என் சர்வீசில் முத்திரையில்லாத உழக்கு வைத்திருந்தவரை நான் சும்மா விட்டதில்லை, இந்தப் பெண்ணுக்கு ஏழு லட்சம் பேர் லைக் போட்டிருக்கிறார்கள். அதன் பிறகு வாசனையில்லாத தேங்காயெண்ணெய். வாசனையில்லாவிட்டால் அதைத் தேங்காயெண்ணெய் என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று அவர் சொல்லவில்லை. அதுதான் வெண்ணெய்க்குப் பதிலாம். தேங்காய்ப்பாலில் வினிகர் ஊற்றினால் மோராம். ஆளிவிதையைப் பொடித்துத் தண்ணீரில் ஊறவைத்தால் முட்டையாம். முட்டையில்லா முட்டை, வெண்ணெயில்லா வெண்ணெய், மோரில்லா மோர். இத்தனையும் சேர்ந்தால் வருவதற்குப் பெயர் பிரெட், ஆனால் அது பிரெட் அல்ல, பார்த்தால் கேக் மாதிரி இருக்கும், கேக்கும் அல்ல என்று அவரே கடைசியில் ஒப்புக்கொள்கிறார்.

ஆளிவிதை வாங்க நாட்டு மருந்துக்கடை சாரங்கபாணியிடம் போனேன். அவர் விதையை நிறுத்துக்கொண்டே, யாருக்கு சார், எத்தனை நாளா, என்று தாழ்ந்த குரலில் கேட்டார். நான் பிரெட் ஞாபகத்தில், மாப்பிள்ளைக்கு, செப்டம்பரிலிருந்தே கஷ்டம்தான், என்று சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு கடுக்காய்ப் பொடி ஒரு பொட்டலம் இலவசமாகக் கொடுத்தார். ஆளிவிதையை எங்கள் ஊரில் எதற்கு வாங்குவார்கள் என்று வீட்டுக்கு வந்த பிறகு சவரியம்மாள்தான் சொன்னாள். அதற்குள் செய்தி கடைத்தெருவைத் தாண்டிவிட்டது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது பங்குத்தந்தை என் தோளில் கைவைத்து, மாப்பிள்ளைக்காக வேண்டிக்கொண்டேன், நிறைய வெந்நீர் குடிக்கச் சொல்லுங்கள், என்றார். உங்கள் மகனுக்கு வயிற்றில் சிக்கல் என்று அங்கே யாராவது வந்து சொன்னால் அது வதந்தி, நம்ப வேண்டாம் என்பதைச் சொல்லவும்தான் இந்தக் கடிதம்.

கேக் சுடும் ஓவன் எங்களிடம் கிடையாது. குக்கரில் உப்பைப் பரப்பி அதன் மேல் கிண்ணத்தை வைத்துச் செய்யலாம், மூடியிலுள்ள கேஸ்கட்டை மட்டும் கழற்றிவிட வேண்டும் என்று இன்னொரு வீடியோ சொன்னது. டிசம்பர் பத்தாம் தேதி முயற்சி செய்தோம். மாவை நான் கிராமில் நிறுத்தேன், பழத்தைத் தோல் நீக்கி நிறுத்தேன், எண்ணெயை மில்லியில் அளந்தேன். கேஸ்கட்டைக் கழற்றும் வேலை சவரியம்மாளுடையது. அவள் அதை என்னுடையது என்று நினைத்தாள். முக்கால் மணி நேரத்தில் தெருவில் எங்கேயோ டயர் எரிகிறது என்று ஜன்னலைச் சாத்தினோம். வாசனை வீட்டுக்குள்ளேயே இருந்தது. குக்கரைத் திறந்தால் மேலே களி, கீழே கரி, நடுவில் ரப்பர். பக்கத்து வீட்டுக் கோழிக்கு ஒரு துண்டு போட்டேன். ஒரு முறை கொத்திவிட்டு அது என்னை நிமிர்ந்து பார்த்த மாதிரி எந்தக் கடைக்காரரும் என்னைப் பார்த்ததில்லை. அன்று முழுக்க சவரியம்மாளும் நானும் பேசிக்கொள்ளவில்லை. ஆக மாப்பிள்ளை சாப்பாட்டால் பேச்சு நின்ற இடங்கள் இரண்டு என்று ஆனது, அதில் இரண்டாவது என் வீட்டுக்குள்ளேயே.

பிறகுதான் பேக்கரி உபைதுல்லாவிடம் போனேன். அவர் தராசை நான் பல வருடம் சோதித்திருக்கிறேன், ஒரு முறையும் தப்பு கண்டதில்லை. அதனாலேயே அவரிடம் எனக்கு ஒரு மரியாதை. விஷயத்தைச் சொன்னேன். முட்டை இல்லை, வெண்ணெய் இல்லை, பால் இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் முகம் சாவுச்செய்தி கேட்பவர் மாதிரி ஆனது.

“அப்ப அதுல என்னதான் சார் இருக்கு?”

“வாழைப்பழம்.”

“அதத் தோலோட அப்படியே அவர் கையில குடுத்துர்றது” என்றார்.

ஆனாலும் சம்பந்தி, அவர் தொழில்காரர். மூன்று நாள் கழித்து, மாவைக் கொண்டாங்க பார்ப்போம், என்று அவரே ஆள் அனுப்பினார். அவர் அடுப்பில் வெந்த முதல் பிரெட் ஓரமெல்லாம் உயர்ந்து, நடுவில் மட்டும் சேற்று வயலில் யாரோ காலை வைத்து எடுத்த மாதிரி அமுங்கிப் போனது. அவருக்கு அது கௌரவப் பிரச்சினையாகிவிட்டது. சோடாவைக் குறைத்தார், பழத்தைக் கூட்டினார், பூவன் புளிக்கிறது, ரஸ்தாளிதான் சரி என்றார். முட்டையில்லா முட்டையை இரண்டு விரலால் எடுத்து இழுத்துப் பார்த்து, இது என்னமோ பிடிக்குது சார், என்று ஒப்புக்கொண்டார். இருபத்துநான்காம் தேதி மத்தியானம் அடுத்ததை எடுத்து வைத்தார் பாருங்கள். தேன் நிறம் என்று சொல்லலாம், ஆனால் தேனும் ஆகாதே. தேக்கு நிறம். மேலே ஒரு வெடிப்பு, அதிலிருந்து ஆவி. கடைக்கு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள்.

நான் காசை நீட்டினேன், வாங்க மறுத்துவிட்டார். பண்டிகைக்கு அவருடைய அன்பளிப்பாம். டின்னைக் கவிழ்த்துக் காட்டி, “ஒரு பொட்டு ஒட்டல பாருங்க சார். மத்த கேக்குக்கெல்லாம் டால்டாதான். இது உங்க மாப்பிள்ளைக்குன்னு நானே என் கையால நல்ல வெண்ணெயாத் தடவுனேன்” என்றார்.

அந்த மனிதர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நான் என்ன சொல்வது? டால்டாவைத் தடவியிருந்தால் ஒன்றும் இல்லை, அது தாவரம். அன்பைத் தடவித்தான் கெடுத்துவிட்டார். ரொம்ப நன்றி பாய் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் அடுப்படியில் வைத்து சவரியம்மாளிடம் மெதுவாகச் சொன்னேன். இன்னொன்று செய்யலாம் என்றால் பேக்கரியில் கிறிஸ்துமஸ் கேக் வேலை தலைக்கு மேல், மறுநாள் அடுப்பு இல்லை. அவள் பிரெட்டைத் தூக்கி அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

“தகரத்துலதானங்க தடவுனாரு. மாவுலயா கலந்தாரு?” என்றாள். பிறகு, “நீங்க வாயத் தொறக்காம இருங்க, அது போதும். எனக்கு அந்தம்மாகிட்ட இன்னொரு தடவ பேச்சு வாங்கத் தெம்பு இல்ல” என்றாள்.

முப்பத்திரண்டு வருடத்தில் அவள் என்னிடம் கேட்ட உதவிகளில் இதுதான் சுலபமானது. ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும். சரி என்று சொன்னேன்.

கிறிஸ்துமஸ் அன்று காலை பூசைக்குப் போய் வந்தோம். வாசலில் நான்கு பேர் மாப்பிள்ளையிடம், இப்ப பரவாயில்லையா தம்பி, என்று கேட்டார்கள். எதைப் பற்றி என்று தெரியாமல் அவர் எல்லாருக்கும், பரவாயில்லைங்க, என்று சொன்னார். வீட்டுக்கு வந்து மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். சவரியம்மாள் பிரெட்டைக் கொண்டுவந்து வைத்தாள். முட்டை இல்லாதது, வெண்ணெய் இல்லாதது, பால் இல்லாதது, என்று பிரின்ஸி பெருமையாகச் சொல்லிக்கொண்டே வெட்டினாள். ஒவ்வொரு ‘இல்லாதது’க்கும் எனக்குக் கழுத்தில் வேர்த்தது. முதல் துண்டை மாப்பிள்ளை கையில் கொடுத்தாள். அவர் அதை வாய்க்குக் கொண்டுபோகும் முன் முகர்ந்து பார்த்துச் சிரித்தார். நம்பிச் சிரித்தார், சம்பந்தி. எடை சரியாகத்தான் இருக்கும் என்று தராசைப் பார்க்காமலே பையை நீட்டும் வாடிக்கையாளர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகத்தான் எனக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்தது.

“மாப்பிள்ள, சாப்பிடாதீங்க” என்றேன். “டின்னுல வெண்ண தடவியிருக்கு.”

சவரியம்மாள் என்னைப் பார்க்கவில்லை, எழுந்து அடுப்படிக்குப் போனாள். பிரின்ஸி என்னைப் பார்த்த பார்வைக்கு அந்தக் கோழியின் பார்வை எவ்வளவோ மேல். மாப்பிள்ளை துண்டைத் தட்டில் வைத்துவிட்டு, எத்தனை தடவை செய்து பார்த்தீர்கள், மாமா, என்று மட்டும் கேட்டார். மூன்று என்றேன். கோழியையும் சொன்னேன், கேஸ்கட்டையும் சொன்னேன், ஆளிவிதையையும் சொன்னேன், கோயில் வாசலில் நான்கு பேர் ஏன் விசாரித்தார்கள் என்பதையும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு எழுந்து கத்தியை எடுத்தார். பிரெட்டின் நான்கு பக்கத்து ஓரத்தையும், அடியையும், ஒரு விரற்கடை கனத்துக்கு அளவெடுத்தது மாதிரி சீவித் தள்ளினார். நடுவில் மிஞ்சியதைத் தட்டில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், சவரியம்மாள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

“இதுல வெண்ண படல அத்த. நான் சாப்புடுறேன்” என்றார். நான்கு துண்டு சாப்பிட்டார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஐந்தாவதை வைத்தாள், அதையும் சாப்பிட்டார். சீவித் தள்ளிய ஓரங்களை வீணாக்கக்கூடாது என்று நான் மேசையில் உட்கார்ந்து தின்று தீர்த்தேன். உண்மையைச் சொல்வதென்றால் அதுதான் ருசியாக இருந்தது.

இனி எழுதப்போவதில் கிண்டல் ஒன்றும் இல்லை, சம்பந்தி. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளையும் நானும் கொல்லையில் வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தோம். நான் சும்மா இருக்க முடியாமல், ஏன் மாப்பிள்ளை இந்த வைராக்கியம், ஏதாவது புத்தகத்தில் படித்தீர்களா, பெங்களூர்ப் பழக்கமா, என்று கேட்டேன். இல்லை என்றார். அவர் எட்டாவது படிக்கும்போது உங்கள் வீட்டில் ஒரு செவலைப் பசு இருந்ததாமே. கன்று போட்டு ஒன்பதாம் நாள் கன்று செத்துவிட்டது. பசு மடியைக் கொடுக்க மறுத்தது. நீங்கள் ஆள் வைத்து அந்தக் கன்றின் தோலை உரித்து, அதில் வைக்கோலை அடைத்து, நான்கு குச்சியை ஊன்றி நிற்கவைத்தீர்கள். அதை நக்கிக்கொண்டே அது பால் கொடுத்தது.

“நாந்தான் மாமா தெனமும் அதத் தூக்கிட்டுப் போயி முன்னாடி வெப்பேன். அது அந்த வைக்கோல நக்கும். எனக்குத் தெரியும் அது கன்னு இல்லன்னு, அதுக்குத் தெரியாது” என்றார்.

அன்றே நிறுத்த நினைத்தாராம், முடியவில்லையாம். அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“அந்தப் பால ஊத்தித்தான் அப்பா என்னப் படிக்க வெச்சாங்க. நான் வேணாம்னு சொன்னா, அவங்க செஞ்சது தப்புன்னு சொல்ற மாதிரி ஆயிடும்ல. சொந்தமா சம்பாரிக்க ஆரம்பிச்சு, தனியா இருந்து, அப்பறம்தான் நிறுத்துனேன். ஹெல்த்துக்குன்னு சொல்லிட்டேன்” என்றார்.

இதை உங்களிடம் சொல்லச் சொல்லி அவர் என்னைக் கேட்கவில்லை, சொல்லக்கூடாது என்றும் கேட்கவில்லை. உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. என் வீட்டில் மாடு இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். அந்த ஊரில் எல்லாரும் செய்தது அது. பதினேழு வருடமாக உங்களுக்கு நோகக்கூடாது என்று ஒரு பிள்ளை பொத்தி வைத்திருக்கிறான் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது, எழுதிவிட்டேன். எனக்கு இப்படி ஒரு மருமகன் அமைந்ததற்கு, கல்யாணத்தில் வாய்விட்டுச் சொல்லாத நன்றியையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிற்க. இனி அத்தாட்சி.

இருபத்துநான்காம் தேதி காலை பஸ் ஸ்டாண்டிலிருந்து வரும் வழியில், பெட்டி ரொம்பக் கனமாக இருக்கிறதே, என்று சாக்குச் சொல்லி மாப்பிள்ளையை சாரங்கபாணியின் குடோனுக்கு அழைத்துப்போனேன். அங்கே மூட்டை நிறுக்கும் பெரிய தராசு இருக்கிறது, நடப்பு வருட முத்திரை உள்ளது, ஐம்பது கிராமுக்கும் அசையும். முதலில் பெட்டியை நிறுத்தோம். பிறகு, நீங்களும் சும்மா ஏறுங்க மாப்பிள்ளை, என்றேன். செருப்பு, போன், பர்ஸ், பெல்ட் எல்லாம் கழற்றிய நிலையில் அறுபத்தொரு கிலோ முந்நூறு கிராம். சாரங்கபாணி அவரை ஏற இறங்கப் பார்த்து, போகப்போக சரியாயிடும் தம்பி, என்றார். இருபத்தேழாம் தேதி புறப்படும்போது அதே தராசு, அதே சட்டை, அதே நிலை, அறுபத்தொரு கிலோ தொள்ளாயிரம். அதாவது எங்கள் வீட்டில் மூன்றே நாளில், மாட்டிடமிருந்தும் கோழியிடமிருந்தும் ஒரு துளிகூட வாங்காமல், தங்கள் மகன் அறுநூறு கிராம் கூடியிருக்கிறார். சாரங்கபாணியை சாட்சியாக வைத்து ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி இத்துடன் இணைத்துள்ளேன். சம்பந்தியம்மாவிடம் காட்டவும். அவர் கண்ணின் கணக்கோடு ஒத்துப்பார்க்க விரும்பினால் என்னிடம் நகல் இருக்கிறது.

யார் வீட்டில் சோறு போடுகிறார்கள், யார் வீட்டில் போடவில்லை என்ற ஆராய்ச்சிக்கு இத்துடன் முற்றுப்புள்ளி வைப்போம். எங்கள் வீட்டில் குறைவாகப் போட்டாலும் நேர்மையாகப் போடுவோம், இலையில் என்ன இருக்கிறதோ அதையே வாயாலும் சொல்வோம் என்பதை மட்டும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

உங்கள் கதிர் நன்றாக முற்றி, அறுப்பு நேரத்தில் மழை வராமல், களத்தில் நெல் காய்ந்து, நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் புது வருடத்தில் அடியெடுத்து வைக்க மாதாவை வேண்டுகிறேன். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். சவரியம்மாளும் சொல்லச் சொன்னாள் என்று எழுத ஆசைதான், அவள் சொல்லவில்லை.

என்றும் தங்கள்,
ம. ஆசீர்வாதம்,
முத்திரை ஆய்வாளர், பணி ஓய்வு.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது உங்கள் வீட்டுப் போன் வந்தது. சவரியம்மாள் கை முழுக்க மீன் செதிலாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். மூன்று மாதத்துக்குப் பிறகு சம்பந்தியம்மாவே கூப்பிட்டிருக்கிறார். மாப்பிள்ளை நடந்ததையெல்லாம் அவரிடம் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. நான் கூடத்தில் இருப்பது அவருக்குத் தெரியாது. “சம்பந்தி எதுக்கு அந்த வெண்ணெயப் போயி வெளில சொன்னாங்க? நான் ஏப்ரல் மாசத்துலேந்து நல்லெண்ணெய்னு சொல்லி அவன் பருப்புல நெய்தான் ஊத்துறேன். மாசாமாசம் பெங்களூருக்கு அனுப்புற பருப்புப்பொடியும் நெய்யில வறுத்ததுதான். அதுலதான் ஒடம்பு நிக்குது” என்றார். அதாவது செப்டம்பரில் என் வீட்டில் அவர் இளைக்கவில்லை, நான்கு நாள் உங்கள் வீட்டு நெய் நின்றுபோயிருக்கிறது, அவ்வளவுதான். சவரியம்மாள் கையிலிருந்த மீனைக் கீழே வைத்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், செதிலோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு, நின்று நின்று சிரித்தாள். அந்தப் பக்கம் அவரும் சிரித்தார். முக்கால் மணி நேரம் பேசினார்கள். போனை வைக்கும்போது அக்கா, தங்கச்சி என்று ஆகிவிட்டார்கள். வைத்ததும் என்னிடம் வந்து, மாப்பிள்ளையிடமோ உங்களிடமோ இதைச் சொல்லமாட்டேன் என்று மாதா படத்துக்கு முன்னால் சத்தியம் வாங்கிக்கொண்டாள். சொல்லவில்லை, எழுதுகிறேன். இதைச் சொன்னால் அந்த இரண்டு பெண்களும் மறுபடி பேசமாட்டார்கள். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு முன்னால் வைக்கோல் கன்றைத் தூக்கிக்கொண்டு போய் வைப்பவர்களில் நானும் ஒருவன். நேர்மையைப் பற்றி மேலே எழுதியிருப்பதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன், அடித்தால் உங்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும் என்று விட்டுவிட்டேன். பொங்கலுக்கு இருவரும் உங்கள் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். அதற்குள் நாம் இரண்டு பேரும் என்ன செய்யலாம் என்று யோசித்துப் பதில் எழுதுங்கள். போன் செய்ய வேண்டாம். இங்கே போனை எடுப்பது சவரியம்மாள்.